துடைத்தால் மட்டும் போதுமா?

மயிலாப்பூரில் என் அம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நிற்கிறது. சின்ன வயதில் நான் முன்னால் நின்றுகொண்டு, தம்பி அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு, தீபாவளித் துணி எடுக்க தி.நகருக்குப் போன வண்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நிறுத்தியதுதான். அப்பா அதற்குப்பின் எடுக்கவேயில்லை. மறு வருடம் அவரும் போய்விட்டார். விற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பளபளவென்று துடைத்து, பொட்டும் பூவும் வைத்து, ஊதுபத்தி காட்டுவார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அடையாறிலிருந்து போயிருந்தேன். படிக்கட்டருகே குப்பென்று வாடை. குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் ஈரம். பக்கத்துச் சுவரில் எல்லா வீட்டு ஈ.பி. மீட்டர்களும்! அம்மா வழக்கம்போல் கையில் ஊதுபத்தியோடு வந்துகொண்டிருந்தார். "அம்மா, அங்கேயே நில்லும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மாமியே ஓடி வந்துவிட்டார்.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். டேங்க் அடியில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை. மிச்சமிருந்த பெட்ரோலை வடித்தார். செம்மண் கலர், பழைய பெயிண்ட் வாடை. "வெளியே துடைச்சீங்க சரி, உள்ளே யாரும்மா துடைச்சது?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெட்ரோலும் கெட்டுப்போகும். லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசின் மாதிரி திரண்டு கார்புரேட்டரை அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். 2025-ல் அது 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கி, துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவும். சின்னப் பொறி போதும்.

இதில் வேடிக்கை, "வீணாக்குவானேன், பரணில் திரி ஸ்டவ் இருக்கே" என்றார் அம்மா. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றுவது வீட்டுக்கு நாமே கொள்ளி வைப்பது போல! "சாக்கடையில் கொட்டிடு" என்றார் மாமி. அங்கே கொட்டினாலும் ஆவி தேங்கித் தீப்பிடிக்கலாம். மண்ணில் கொட்டினால் நாம் புழங்கும் கிணற்றுத் தண்ணீர்தான் கெடும். கடைசியில் மெக்கானிக்கே மூடி போட்ட தகர கேனில் எடுத்துப் போனார். "ஓட்டையை வெல்டிங் வைத்துவிடலாமா?" என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்குமாம். வெல்டிங் நெருப்பு பட்டால் வெடித்துவிடுமாம்.

தோழிகளே, பிள்ளை வெளிநாட்டில், கணவர் வெளியூரில், அப்பா காலமானார் என்று எத்தனை வீட்டில் வண்டிகள் உறை போட்டு நிற்கின்றன? ஆண்கள் போய்விடுகிறார்கள், வண்டியோடு வீட்டில் இருப்பது நாம்தான். ஆனால் "வண்டி விஷயம் உனக்கென்ன தெரியும்" என்பார்கள், நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். கேஸ் டியூபை மாதாமாதம் பார்க்கும் நமக்கு இது மட்டும் தெரியாதா என்ன?

ஓட்டுகிற வண்டியென்றால் வாரம் ஒருமுறையாவது ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். பல மாதம் நிற்கப்போகிறதென்றால் மெக்கானிக்கை வைத்து டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் வந்தது போல வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யவே கூடாது. டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும். இனி யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அதுவும் முடியாதென்றால், பெட்ரோல் இல்லாமல் நிற்கட்டும். ஞாபகத்துக்குப் பெட்ரோல் எதற்கு?

இப்போது அப்பாவின் ஸ்கூட்டர் டேங்க் இல்லாமல், மீட்டர்களை விட்டுத் தள்ளி நிற்கிறது. வெள்ளிக்கிழமைப் பூ உண்டு. ஊதுபத்தி கிடையாது!

- ஓர் இல்லத்தரசி, அடையாறு, சென்னை-20.