இரண்டரை தடவை மூன்றரை எவ்வளவு?

உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மூன்றரையை இரண்டரையால் பெருக்கினால் எவ்வளவு?

"ஆறே கால்" என்று பலர் சட்டென்று சொல்லுவார்கள். "இரண்டு மூன்று ஆறு. அரையை அரையால் பெருக்கினால் கால். ஆக, ஆறே கால்" என்று காரணமும் சொல்லுவார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. சரியான விடை, எட்டே முக்கால்.

கணக்கே போடாமல் இந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றரையை இரண்டு தடவை எடுத்தாலே ஏழு ஆகிவிடுகிறது. இன்னும் அரைத் தடவை பாக்கி இருக்கிறது. அப்படியானால் விடை ஏழுக்கு மேலேதானே இருக்க வேண்டும்? ஆறே கால் எப்படி வரும்?

காணாமல் போன இரண்டரை

எட்டே முக்காலுக்கும் ஆறே காலுக்கும் வித்தியாசம் இரண்டரை. அந்த இரண்டரை எங்கே போயிற்று?

ஒரு தாள் எடுங்கள். மூன்றரை அங்குல நீளமும் இரண்டரை அங்குல அகலமும் உள்ள ஒரு கட்டம் வரையுங்கள். அதற்குள் அங்குலத்துக்கு அங்குலம் கோடு போடுங்கள். முழுக் கட்டங்கள் ஆறு இருக்கும். வலது ஓரத்தில் இரண்டு அரைக் கட்டங்கள். அடியில் மூன்று அரைக் கட்டங்கள். மூலையில் கால் கட்டம் ஒன்று.

ஆறே கால் என்று சொன்னவர் ஆறு முழுக் கட்டங்களையும் மூலையில் இருக்கும் காலையும் எடுத்துக்கொண்டார். ஓரங்களில் இருக்கும் ஐந்து அரைக் கட்டங்களை விட்டுவிட்டார். ஐந்து அரை, இரண்டரை. அதுதான் காணாமல் போன சரக்கு.

இந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை அந்தத் தப்பை மறுபடி செய்யாது. ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் படம் காட்டப்படுகிறது? "முழு எண்ணைக் கீழ் எண்ணால் பெருக்கு, மேல் எண்ணைக் கூட்டு, தகா பின்னமாக மாற்று, பிறகு பெருக்கு" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். "எதற்காக மாற்றுகிறாய்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் வாய்பாடு போய்விடுகிறது. "இரண்டு மூன்று ஆறு, அரை அரை கால்" மட்டும் நிற்கிறது.

காரணம் மிகவும் எளிது. இரண்டரை என்பது ஐந்து அரை. மூன்றரை என்பது ஏழு அரை. எல்லாவற்றையும் அரையாக எண்ணிவிட்டால் முழுசும் துண்டுமாகக் கலந்து கிடப்பது ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. ஐந்தும் ஏழும் பெருக்கினால் 35. அரையை அரையால் பெருக்கினால் கால். ஆகவே 35 கால். நாலு கால் சேர்ந்தால் ஒன்று. 35 காலில் எட்டு முழுசு போக மூன்று கால் மீதி. எட்டே முக்கால்!

இதைத்தான் பள்ளிக்கூடத்தில் 5/2, 7/2 என்று எழுதி, மேலே மேலும் கீழே கீழும் பெருக்கி, 35/4 என்று போடுகிறார்கள். முதலில் எல்லாவற்றையும் சிறு துண்டாக்கு, பிறகு எண்ணு. அவ்வளவுதான் சங்கதி.

இந்தப் பின்னத்துக்குத் "தகா பின்னம்" என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. "தகாது" என்றால் நம் வீடுகளில் கூடாத காரியம் என்று அர்த்தம். 5/2 என்ன குற்றம் செய்தது? வேலை செய்கிறபோது அதுதான் கை கொடுக்கிறது. இரண்டரை என்பது விடை சொல்வதற்கு அழகு. பெருக்குவதற்கு 5/2-தான் வசதி.

தாத்தா போட்ட கணக்கு

நம் தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்போது ரூபாய்க்கு 16 அணா. ஒரு கஜம் துணி இரண்டு ரூபாய் நாலு அணா என்றால் மூன்றரை கஜம் என்ன விலை? அவர்கள் விலையை அணாவாக்கினார்கள்: 36 அணா. மூன்றரை கஜத்தை ஏழு அரைக் கஜமாக்கினார்கள். அரைக் கஜம் 18 அணா. ஏழு பதினெட்டு 126 அணா. அதைத் திரும்ப ரூபாயாக்கினால் ஏழு ரூபாய் பதினாலு அணா. "ஏழே முக்காலே அரைக்கால்" என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று ஆறு என்று போட்டிருந்தால் ஆறு ரூபாய் இரண்டு அணாதான் வந்திருக்கும். கடைக்காரர் விடுவாரா?

நம் தமிழிலும் ஒரு நயம் இருக்கிறது. "காலே அரைக்கால்" என்றால் காலையும் அரைக்காலையும் கூட்டு என்று அர்த்தம். "அரைக்கால்" என்றால் காலில் அரை. அதாவது எட்டில் ஒரு பங்கு. அது பெருக்கல். கூட்டலுக்கு ஒரு "ஏ"; பெருக்கலுக்கு அதுவும் வேண்டாம்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்று ஆயிற்று. துணிக்கடைக்கு மீட்டர் வந்தது. சௌகரியம்தான். அரையும் காலும் ஒழிந்தன என்று நினைத்தார்கள். ஒழியவில்லை. அடியும் அங்குலமும் இன்றைக்கும் கொத்தனார் கையில் இருக்கின்றன. சென்ட் நிலம் பத்திரத்தில் இருக்கிறது.

நிலத்தில் தப்பினால்

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஆகவே ஒரு சென்ட் 435 3/5 சதுர அடி. இரண்டரை சென்ட் மனை எத்தனை சதுர அடி?

முழுசுக்கு முழுசு, துண்டுக்குத் துண்டு என்று போட்டால் 870 3/10 வரும். முறைப்படி போடுவோம். 435 3/5 என்பது 2178/5. இரண்டரை என்பது 5/2. மேலே ஒரு 5, கீழே ஒரு 5; இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மீதி 2178-ல் பாதி. 1,089 சதுர அடி! மனை சதுரமாக இருந்தால் 33 அடிக்கு 33 அடி.

இரண்டு விடைக்கும் வித்தியாசம் 218 7/10 சதுர அடி. அரை சென்டுக்கும் கொஞ்சம் அதிகம். உங்கள் ஊரில் அரை சென்ட் என்ன விலை போகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆயுள் முழுவதும் சேர்த்து வாங்குகிற மனையில் இந்தக் கணக்கைத் தரகர் போட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"கையில்தான் போன் இருக்கிறதே, அது போட்டுவிடாதா?" என்று கேட்பீர்கள். போடும். நீங்கள் கொடுத்ததைப் போடும். பத்தடி ஆறு அங்குலத்தை 10.6 என்று அழுத்துகிறவர்கள் எத்தனை பேர்! ஆறு அங்குலம் அரை அடி, 10.5 என்றல்லவா அழுத்த வேண்டும்? பத்தடி பத்து அங்குலத்தை 10.10 என்று அழுத்தினால் இன்னும் வேடிக்கை. போனுக்கு அது 10.1. பத்தடி ஆறு அங்குலச் சுவரைவிடப் பத்தடி பத்து அங்குலச் சுவர் குட்டையாகிவிடும்!

பத்தடி ஆறு அங்குலத்துக்குப் பன்னிரண்டடி மூன்று அங்குல அறைக்குத் தரைக்கல் வாங்கப் போகிறீர்கள். பத்தரை என்றால் 21/2. பன்னிரண்டே கால் என்றால் 49/4. மேலே பெருக்கினால் 1029, கீழே 8. நூற்று இருபத்தெட்டே அரையே அரைக்கால் சதுர அடி. ஒரு துண்டுக் காகிதம் போதும். உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கடைக்குப் போகலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இந்தப் பாடத்தைக் கொண்டுவரும்போது "எனக்கு அப்பவே கணக்கு வராது" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். வீட்டு அறையை அளக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் காட்டி, சென்டைச் சதுர அடியாக்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதும் பிள்ளை போட்டதும் ஒத்துவருகிறதா என்று சேர்ந்து பாருங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. "ஐந்தரை சென்ட் என்றால் ஒரு கிரவுண்ட்" என்பார்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஐந்தரை என்பது 11/2. அதை 2178/5 ஆல் பெருக்குங்கள். 2,395 4/5 வரும். ஒரு கிரவுண்டுக்கு 4 1/5 சதுர அடி குறைச்சல்.