கத்தரிக்கு முன் கஞ்சி

வெம்பாக்கம், ஆரணி வட்டாரத்து நெசவுத் தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் காட்சியை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். கஞ்சி ஏறாத இழை தறியில் பிசிறெழுந்து அறுந்துபோகும். இதை நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் நெய்து முடித்த துணியைத் தையலுக்காக வெட்டும்போது மட்டும் இவ்வறிவை நாம் மறந்துவிடுகிறோம்.

நெசவாளர் வீடுகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளும், பிழைபட்ட துணிகளும் பெரும்பாலும் அற்ப விலைக்கே போகின்றன. இத்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி வைத்து, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்தால் நல்ல பஞ்சுப் போர்வை கிடைக்கும். வங்காளத்துக் காந்தாவும், ராஜஸ்தானத்து ரஜாயும், வட கர்நாடகத்துக் கௌதியும் அடுக்குத் துணித் தையலால் பெயர் பெற்றவையே. நம் பெண்மணிகளின் கைத்திறன் இவற்றுக்குக் குறைந்ததன்று. எனினும் புதிதாகத் தைப்போரின் போர்வைகளில் மூலைகள் கூடுவதில்லை, ஓரங்கள் வளைகின்றன. குற்றம் பெரும்பாலும் தையலில் இல்லை, வெட்டில் இருக்கிறது.

பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோ இழுத்தால் துணி அதிகம் நெகிழாது. மூலைவாட்டில் இழுத்தாலோ இழைகள் நகர்ந்து நீளும். தளர்ந்த துணி கத்தரியின் கீழும் நழுவும். ஒரு துண்டுக்கு அரைக்கால் அங்குலம் பிசகினால், ஒரு வரிசையிலுள்ள 16 துண்டுகளுக்கு 2 அங்குலம் பிசகிவிடும். கஞ்சி காய்ந்து விறைத்த துணியோ தாளைப்போல் நின்று, கோட்டின்மேல் நேராக வெட்டுப்படும்.

முறை எளியது. முதலில் துணியை நன்றாகத் துவைத்துத் தறிக் கஞ்சியைப் போக்கவேண்டும். சுருங்க வேண்டிய துணி அப்போதே சுருங்கிவிடும். போகும் சாயமும் தெரிந்துவிடும். பின்னர் வடிகட்டிய மெல்லிய கஞ்சியில் நனைத்து, இழை கோணாமல் உலர்த்தி, சற்றே ஈரமிருக்கையில் இஸ்திரி போட்டு, அதன்பின் வெட்டவேண்டும். பட்டுத் துண்டுகளில் சாயமும் சரிகையும் நீருக்குத் தாங்குமா என்று ஓர் ஓரத்தில் சோதித்த பிறகே கஞ்சி தொடவேண்டும். தைத்து முடித்த போர்வையை மீண்டும் அலசிக் கஞ்சியை அகற்றுவது அவசியம். கஞ்சியோடு மடித்து வைத்த துணியை இராமபாணப் பூச்சி அரிக்கும். ஈரம் பட்டால் பூஞ்சணமும் பிடிக்கும்.

கஞ்சி வேலைக்குத் துணையாகலாம், விற்பனைக்கு முகமூடியாகலாகாது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி அருமையானபோது, லங்காஷயர் ஆலையினர் பலர் கஞ்சியையும் வெண்களிமண்ணையும் மிகுதியாக ஏற்றித் துணிக்கு எடை கூட்டினர். அத்தகைய துணி நம் நாட்டிற்கு வந்து பூஞ்சணம் பிடித்ததையும், வாங்கியவர் முறையிட்டதையும் வரலாறு கூறும். கூட்டுறவின் பெயரால் விற்கும் பொருளில் அந்த இழுக்கு நேரக்கூடாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் கஞ்சி போடுவதை விட்டுவிடுவோர் ஏன்? துண்டுக்கு இத்தனை என்று தையலுக்கு மட்டும் கூலி கணக்கிட்டால், துவைத்து, கஞ்சி காய்ச்சி, உலர்த்திய நேரம் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கூலி இல்லாத வேலையை விட்டுவிட்டார் என்று அப்பெண்மணியைக் குறைகூறுவது நியாயமா? தறியிலும் இதே குறை நெடுநாளாக உள்ளது. நூல் சுற்றுவதும் பாவுக்குக் கஞ்சி போடுவதும் வீட்டாரின் உழைப்பு. கூலியோ சேலைக்கு என்று தறிகாரர் ஒருவர் கையில் வருகிறது. பழைய குறையைப் புதிய தொழிலிலும் விதைக்க வேண்டுமா என்பதே நம் கேள்வி.

தையல் பிரிவு தொடங்க எண்ணும் சங்கங்கள், கஞ்சி போடும் வேலையைத் தனி இனமாகக் கூலிப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. அரிசியும் மரவள்ளியும் விளைவிக்கும் அங்கத்தினர் நம்மிடையே இருக்கிறார்கள். கஞ்சிக்கு வேண்டியதை அவர்களிடமே வாங்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் இதனை எழுப்பித் தீர்மானமாக்குவார்களாக.