இரண்டு நீர்ப் போத்தல்கள்

அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலே மழைக்காலம் வந்துவிட்டால் லயத்துக் காம்பராக்களில் இருமலொலி ஓயாது. "வெறும் சளிதானே, இன்றைய பேர் போய்விடுமே" என்று கொழுந்து பறிக்கும் தாய் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் அச்சளி நியூமோனியாவாக முற்றி, நுரையீரலைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வுகளுக்கிடையே சீழ் கட்டுமாயின், விலா குத்தும், காய்ச்சல் தணியாது, நுரையீரல் விரிய இடமின்றி மூச்சுத் திணறும்.

மூச்சுத் திணறும்போது வைத்தியர் அளிக்கும் உதவிகளுள் ஒன்று, தொண்டைக்குள் குழாய் செலுத்தாமல், முகமூடி வழியாகவோ மூக்கு வழியாகவோ அழுத்தத்துடன் காற்றூட்டுவது. இதற்குப் பெரும் இயந்திரந்தான் வேண்டுமென்பதில்லை. வங்காளதேசத்து டாக்கா நகரிலே வைத்தியர் ஜோபாயர் சிஸ்தியும் அவர்தம் தோழர்களும், வெளிமூச்சுக் குழாயின் நுனியை நீருள்ள போத்தலில் அமிழ்த்தி அவ்வழுத்தத்தை உண்டாக்கினர். 2015இல் வெளியான அவர்களது ஆய்வில், கடும் நியூமோனியா கண்ட குழந்தைகளுள், வழக்கமான முறையில் ஒட்சிசன் பெற்றோரில் நூற்றுக்கு 15 பேர் இறக்க, இம்முறையில் 4 பேரே இறந்தனர்.

ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. காற்று மூச்சைத் தாங்குமேயன்றிச் சீழை அகற்றாது. அதற்குக் கிருமிகளைக் கொல்லும் மருந்தும், விலாக்களினூடே செலுத்தும் வடிகுழாயும் வேண்டும். அக்குழாயின் மறுநுனியும் ஒரு நீர்ப் போத்தலிலேயே அமிழ்ந்திருக்கும். சீழ் வெளியேறும், வெளிக்காற்று உட்புகாது. 1918இல் அமெரிக்கப் படைமுகாம்களில், காலத்துக்கு முந்தி மார்பைத் திறந்ததால் காற்றுப் புகுந்து பலர் மாண்டனர். அதனை ஆராய்ந்த எவார்ட்ஸ் கிரகாம் முதலியோரே இம்மூடிய முறையின் அருமையை உலகுக்கு உணர்த்தினர்.

எனவே, "விலாவில் துளையிடுவதா?" என்று அஞ்சி மறுக்க வேண்டா. மார்புக்கூட்டினுள் காற்றுக் கசிந்திருந்தால், அதனை வெளியேற்றாது அழுத்தக் காற்றூட்டுவது ஆபத்தாகும். ஆதலின் எதனை எப்போது செய்வது என்பதை வைத்தியரிடமே விட்டுவிடுதல் நன்று.

நம் கடமை காலத்தே செல்வது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளை அமைதியாயிருக்கையில் நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அல்லது மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் குழி விழுந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பெரியவர்களுக்கும் விலாக்குத்தலோடு காய்ச்சல் நீடித்தால், தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தோடு நின்றுவிடாது, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையை நாடுங்கள்.

போன பேரை மறுமாதம் ஈடு செய்துகொள்ளலாம். தாமதித்துச் சென்றால் அந்த இரண்டு போத்தல்களும் உதவ மாட்டா.