கறையான் மீது பழி போடாதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடி சி.டி.எச். சாலையிலோ பூந்தமல்லியிலோ ஒரு மரம் சாய்ந்தால், 'கறையான் அரிச்சிடுச்சு' என்று சொல்லி ரம்பத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது.

பட்டைமேல் மண் ஏறியதாலேயே மரம் செத்துவிட்டதாக ஆகாது. அந்த மண்பூச்சுக்கு அடியில் கறையான் தின்பது பெரும்பாலும் உதிரப்போகிற செத்த மேற்பட்டையை. திடமாக வளர்ந்த மரத்தை அது லேசில் வீழ்த்துவதில்லை. உள்மரத்துக்கு வழி வேண்டும். அந்த வழியை நாம்தான் திறந்துவிடுகிறோம்: டியூஷன் சென்டர் தகரத்தை மாட்ட அடித்த ஆணி, மின்கம்பிக்காகக் கண்டபடி ஒடித்த கிளை, மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது அறுத்த வேர். காயத்தில் அழுகல் இறங்கிய பிறகே கறையான் வருகிறது. போதாததற்கு அடிமரத்தை ஒட்டி சிமென்ட் வேறு. மரத்தைச் சுற்றி 1 மீட்டர் மண் விட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கொன்றில் 2013-லேயே உத்தரவிட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிடுங்கிப் போட்ட பிறகும் நம் நடைபாதைகளில் அந்த 1 மீட்டரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

கன்றுகளின் கதை வேறு. தைலமரத் தோட்டம் போட்ட வனத்துறையினருக்கு இது தெரியும். நட்ட ஓரிரு ஆண்டுக்குள் மண்ணுக்கடியில் ஆணிவேரின் பட்டையைக் கறையான் சுற்றித் தின்றுவிடும். இலை வாடிய பிறகே வெளியே தெரியும். இழுத்தால் கையோடு வந்துவிடும். முன்பு இதற்கு ஆல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியைக் கொட்டினார்கள். 1996-ல் அது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த குளோர்பைரிபாஸையும் 2025-ல் நெடுநாள் அழியாத நச்சுகளுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டன. ஏரிகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் மருந்தை ஊற்றித் தப்பிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தண்ணீரில்லாமல் வாடிய கன்றுதான் கறையானுக்கு முதல் இரை. ஆடியில் மேளதாளத்தோடு நட்டு, படம் எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் ஒரு குடம் ஊற்ற ஆளில்லாமல் கைவிடுவது அலட்சியம் மட்டுமல்ல, பொதுப்பணத்தில் செய்யும் ஏமாற்று. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கியபோது மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதாகச் சொன்னது. நல்ல இலக்கு. ஆனால் நட்ட எண்ணிக்கையை வைத்து அதை எட்ட முடியாது.

சென்னை, ஆவடி மாநகராட்சிகளும் பூந்தமல்லி நகராட்சியும் மரங்களைச் சுற்றிய சிமென்டை உடைக்கட்டும், ஆணிகளைப் பிடுங்கட்டும். கன்றுக்குக் கறையானைத் தடுக்க வேப்பம்புண்ணாக்கும் 2 கோடைக்குத் தண்ணீரும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். 3 ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று வார்டுவாரியாகக் கணக்கு வெளியிடட்டும். அந்தக் கணக்கைத் தராத நடவு விழாவுக்கு இனி ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது.