‘ஊரில் எந்தப் பக்கம்?’: வணிகச் சட்ட நிறுவனங்களின் வாசலில் நம் பிள்ளைகள்

‘கம்பெனிக்காரனுக்கு வக்கீலாகப் போகிறவர்களுக்கு நீங்கள் எதற்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள்?’ நோணாங்குப்பத்தில் ஞாயிறுதோறும் சட்ட மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட தோழர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். கேலி இல்லை, அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அதனால் விளக்கமாகவே பதில் சொல்கிறோம்.

இந்தக் கேள்வியை வேறு எந்தச் சமூகத்துப் பிள்ளையிடமும் யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளை சட்டம் படித்தால் வன்கொடுமை வழக்கு நடத்த வேண்டும், மனித உரிமை பேச வேண்டும். பங்குப் பரிமாற்றம், கடன் ஒப்பந்தம், நிறுவன இணைப்பு எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த வேலை யாருக்கு என்று பிறப்பை வைத்துப் பிரிப்பதற்கு என்ன பெயர் என்று தோழர்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பிரிவினையை இப்போது அக்கறையின் பெயரால் நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1923ல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அந்த ஊரில் பெரிய வழக்குகள் சொலிசிட்டர்களின் கை வழியாகத்தான் பாரிஸ்டருக்கு வரும். சொலிசிட்டர்கள் தீண்டப்படாத சாதிக்காரருக்கு வழக்குக் கட்டுகளைக் கொடுக்க முன்வரவில்லை. வருமானத்துக்காக அவர் 1925 முதல் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர ஆசிரியராக வேலை பார்த்தார். நடத்திய பாடம் வணிகச் சட்டம்! பாடம் நடத்த விட்டார்கள், வழக்கு நடத்தத்தான் விடவில்லை. அன்றைய சொலிசிட்டர் அலுவலகங்கள் இருந்த இடத்தில் இன்று மும்பை, டெல்லி, பெங்களூரின் பெரிய சட்ட நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறை நம்மில் பலருக்குத் தெரியாது. நீதிமன்ற வராந்தாவில் ஒரு சீனியரைப் பிடித்து ஜூனியராகச் சேரும் பழக்கம் இங்கே இல்லை. கிளாட் தேர்வு எழுதி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்து, ‘டே ஜீரோ’ எனப்படும் முதல் நாள் வளாகத் தேர்வில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்து, அதன் முடிவில் அவர்கள் போடும் எடைக்கு நிற்க வேண்டும். லண்டன் நிறுவனங்கள் சிலவும் நம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து பயிற்சி வழக்கறிஞர்களை எடுத்திருக்கின்றன. அவர்கள் வைப்பதன் பெயர்தான் ‘அசெஸ்மென்ட் டே’. எழுத்துத் தேர்வு, குழு விவாதம், பங்குதாரர்களுடன் நேர்காணல், நடுவில் மதியச் சாப்பாடு என்று காலையிலிருந்து மாலை வரை நடக்கும்.

கிளாட் விண்ணப்பத்துக்கு மட்டும் பட்டியல் சாதி மாணவர் 3,500 ரூபாய் கட்ட வேண்டும். பயிற்சி மையங்களின் கட்டணம் வேறு. அதனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது காலாப்பட்டில் இருக்கும் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில்தான். நோணாங்குப்பம் நகரத்துக்குத் தெற்கே, காலாப்பட்டு வடக்கே. பேருந்து நிலையத்தில் இறங்கி, மாறிப் போக வேண்டும். படிப்பில் குறையில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் முதலில் போவது வேறு வளாகங்களுக்கு. நம் பிள்ளைகள் மின்னஞ்சல் எழுதி, இன்டர்ன்ஷிப் கேட்டு, பின்வாசல் வழியாகத்தான் அந்த நாளை எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, அந்த நாளில் என்ன நடக்கும்?

லண்டன் நிறுவனங்கள் பல, அந்த நாளுக்கு முன்போ அன்றைக்கோ, வாட்சன் கிளேசர் என்ற தேர்வை வைக்கின்றன. 30 நிமிடத்தில் 40 கேள்விகள். கொடுத்த பத்தியில் உள்ளதை மட்டும் வைத்து, ஒரு முடிவு உண்மையா, பெரும்பாலும் உண்மையா, தகவல் போதாதா, பெரும்பாலும் பொய்யா, பொய்யா என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இதில் சறுக்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, உலகம் அதிகம் தெரிந்திருப்பதுதான். வகுப்பில் ஒரு பத்தி கொடுத்தோம்: ஒரு நிறுவனம் கடந்த ஆண்டு 12 பேரை எடுத்தது, அதில் 9 பேர் இரண்டே கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். ‘இந்த நிறுவனம் பாரபட்சம் காட்டுகிறது’ என்பது சரியா? எல்லாரும் ‘உண்மை’ என்று டிக் அடித்தார்கள். விடை ‘தகவல் போதாது’. வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. ‘போதாதா, இன்னும் எவ்வளவு வேண்டும்?’ என்று ஒரு தங்கை கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குப் பத்திக்கு வெளியே இருக்கும் உலகத்தை வாசலில் செருப்போடு சேர்த்து விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இதற்கு இருபது முப்பது முறை எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்துப் பயிற்சியில் கதையே வேறு. ஒரு நிறுவனம் ஒரு சொத்தை வாங்கப் போகிறது, கட்டுக்கட்டாக ஆவணங்கள், ஒரு மணி நேரம், கட்சிக்காரருக்கு என்ன ஆபத்து என்று எழுது என்பார்கள். நாங்கள் கற்பனையாக ஒரு கேள்வி தயாரித்தோம். சுண்ணாம்பாற்றுப் படகு குழாமுக்கு அருகில், ஆற்றங்கரையில் ரிசார்ட் கட்ட ஒரு கம்பெனி 30 வருடக் குத்தகை எடுக்கிறது, என்னென்ன பார்க்க வேண்டும்? பாடப்புத்தகம் சொல்லும் விடைகள் எல்லாருக்கும் வந்தன: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் பதிவு, 2019ன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. நம் பிள்ளைகள் அதற்கு மேலேயும் எழுதினார்கள். அந்த இடத்தின் வழியாகச் சுடுகாட்டுக்குப் பாதை போகிறதா? படகு இழுத்துப் போடும் இடம் யாருடையது? பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் வேலி போட்டிருக்கும் இடமும் ஒன்றுதானா, நடுவில் புறம்போக்கு இருக்கிறதா? அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் யார், எத்தனை வருடமாக?

கோடிக்கணக்கில் பணம் போடும் கம்பெனிக்கு வழக்கறிஞர் முதலில் சொல்ல வேண்டிய ஆபத்துகள் இவை. வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடிய சேரியில் வளர்ந்தவருக்கு இது தானாகத் தெரிகிறது. ‘இதெல்லாம் வணிகச் சட்டமா அண்ணா?’ என்று தயங்கித் தயங்கித்தான் எழுதினார்கள். இதுவும் வணிகச் சட்டம்தான் தம்பி.

‘ஏன் வணிகச் சட்டம்?’ என்ற கேள்வியும் கட்டாயம் வரும். இணையத்தில் கிடைக்கும் மனப்பாட விடைகள் வேண்டாம். மகளிர் குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டு வாசலில் வசூலிக்க ஆள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1872ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால்தான் அது மாறும். ‘அந்த வேறு மாதிரியை எழுதத் தெரிந்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை, அதனால் வந்தேன்’ என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

குழு விவாதத்தில் நம்மவர்களுக்கு இரண்டு வியாதி. ஒன்று, ஆங்கிலத்துக்குப் பயந்து வாயே திறப்பதில்லை. மற்றொன்று, மேடையில் பழகியவர்கள் மூன்றாவது நிமிடத்தில் எழுச்சியுரை ஆற்றிவிடுகிறார்கள். அங்கே பார்ப்பது யார் அதிகம் பேசினார் என்பதை அல்ல. கடிகாரத்தை யார் கவனித்தார், பேசாதவரை யார் பேச வைத்தார், முடிவை யார் நாலு வரியில் தொகுத்தார் என்பதையே. சின்னச் சின்ன வாக்கியம் போதும். உச்சரிப்பை மாற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

உடுப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். 1873ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்களைப் போல ஷூவும் காலுறையும் அணிந்து இங்குள்ள பிரெஞ்சு நீதிமன்றத்துக்கு வந்தார் என்பதற்காக நீதிபதி அவரைத் தடுத்தார். அவர் பாரிசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போய் வென்றார். அவர் நம் ஆள் அல்ல, வெள்ளாளர். அவர் காலுக்கே அந்தக் கதி என்றால், மேல்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த நம் தாத்தாக்களின் காலைப் பற்றி என்ன சொல்ல? இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று 1819ல் ஆணை போட்டிருந்த ஆட்சி அது. 1881ல் அந்தச் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர வழி திறந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் கையெழுத்துப் போட்டுப் புதுக் குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஷூ போடுவதால் நம் அரசியல் கரைந்துபோகாது. முதல் முறை போடுகிறவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே போட்டு நடந்து பழகுங்கள், புது ஷூ கடிக்கும். கருப்பு, விலை குறைவானதே போதும். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டி சரியாக வராவிட்டால் கையால் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது பேசவும் தயாராக இருங்கள், ஏனென்றால் அங்கேயும் கவனிக்கிறார்கள்.

எங்களைத் தூங்கவிடாத கேள்வி நேர்காணலில்தான் வருகிறது. ‘உங்கள் குடும்பப் பின்னணி பற்றிச் சொல்லுங்கள்.’

2007 அக்டோபரில் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியும் வெவ்வேறு சாதி, மதப் பெயர்களும் கொண்ட 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் நிறுவன அதிகாரிகளைப் பேட்டி கண்டு எழுதினார்கள். ‘சாதி பார்ப்பதில்லை, தகுதிதான்’ என்று சொன்ன அதே வாய்கள் அடுத்து ‘நல்ல குடும்பப் பின்னணி முக்கியம்’ என்றன.

நம் பக்கம் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டும் வழக்கம் குறைவு. இனிஷியலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கேள்வி சுற்றி வருகிறது. ‘எந்த ஊர்?’ நோணாங்குப்பம். ‘ஓ, போட் ஹவுஸ்! ஊரில் எந்தப் பக்கம்?’ இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

என்ன பதில் சொல்வது? எங்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறவர்கள் உண்டு, வேலை கையில் வரும்வரை வாயைத் திறக்காதே என்கிறவர்களும் உண்டு. வேலை தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான், எனவே முடிவு அவருடையது. மறைத்தவரைக் கோழை என்று சொல்ல எந்தத் தோழருக்கும் உரிமையில்லை. நாங்கள் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான்: அம்மா கூலி வேலை என்றால் கூலி வேலை என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தாதீர்கள். அதோடு, துயரத்தை அந்த மேசையில் விலைக்கு வைக்காதீர்கள். கண்கலங்கக் கேட்டுவிட்டு, வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள்.

பயிற்சி மட்டும் போதும் என்று நாங்கள் நம்பவில்லை. 2015 முதல் லண்டனின் பல பெரிய சட்ட நிறுவனங்கள் மாணவரின் மதிப்பெண்ணை அவர் படித்த பள்ளியோடும் வளர்ந்த சூழலோடும் சேர்த்து எடைபோடும் முறையைப் பின்பற்றுகின்றன. அந்தக் கணக்கில் சாதி கிடையாது என்றாலும் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. இங்கே தனியார் நிறுவனத்துக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆனால் சட்டமே இல்லை என்பது பொய். 1955ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் தொழிலிலும் வேலையிலும் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் இதைச் சேர்த்திருக்கிறது. குளிரூட்டிய அறைக்குள் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வியை இதற்குள் எப்படிக் கொண்டுவந்து நிரூபிப்பது என்பதுதான் சிக்கல். அதனால் எங்கள் கோரிக்கை சிறியது: எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், எழுதி வைத்த மதிப்பெண் முறை, குடும்பப் பின்னணிக் கேள்விக்குத் தடை. அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நிறுவனங்கள் இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை.

தேர்வாகிப் போகிறவர்களில் சிலர் இந்த வகுப்புப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள். அதற்காக நாங்கள் யாரையும் திட்டப் போவதில்லை. மற்ற சாதிப் பிள்ளைகள் சம்பாதிக்கப் போகும்போது யாரும் பத்திரம் எழுதி வாங்குவதில்லையே.

அடுத்த இரண்டு ஞாயிறும் மாதிரி நேர்காணல். மூத்த வழக்கறிஞர்கள் ஒரு மணி நேரம் தந்தால் போதும், கோட்டோடு வாருங்கள், கறாராகக் கேளுங்கள். ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்று கேட்கும் பங்குதாரர் வேடத்துக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு மட்டும் இதுவரை யாரும் முன்வரவில்லை.