பந்தும் ஏடும்

ஒரு புறமே துடுப்பு வலித்தால் படகு சுழலுமேயன்றி முன்செல்லாது. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்து மீனவர் நன்கறிந்த உண்மை இது. மாணாக்கர்க்குக் கல்வியும் விளையாட்டும் இருபுறத் துடுப்புகளாம். இதற்குச் சான்றாக விளங்கியவர் டிகெம்பே முட்டோம்போ.

ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோ நாட்டில் 1966-இல் பிறந்த அவர், மருத்துவராக விரும்பி, உதவித்தொகை பெற்று, 1987-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். புதுச்சேரியைப் போன்றே அவர் நாட்டிலும் பிரெஞ்சு மொழி வழங்கிற்று. ஆங்கிலமோ அவருக்குப் புதிது. ஏழடிக்கு மேல் உயர்ந்த அவர் அங்கே கூடைப்பந்துக் குழுவில் ஆடிப் புகழ் பெற்றார். மருத்துவப் படிப்புக் கைகூடவில்லை. எனினும் அவர் ஏட்டைக் கைவிட்டாரல்லர். மொழியியலும் அரசுறவியலும் பயின்று பட்டம் பெற்றார். 1991 முதல் 2009 வரை தொழில்முறை ஆட்டக்காரராய்ப் பெரும்பொருள் ஈட்டினார்.

ஊரடங்கின்போது மருத்துவமனை செல்ல இயலாமல் அவர் அன்னை உயிர் நீத்தார். அவ்வன்னையின் பெயரால் கின்சாசா நகரில் அவர் எழுப்பிய மருத்துவமனை 2007-இல் திறக்கப்பட்டது. மருத்துவராகாத மகன், தன் மக்களுக்கு மருத்துவமனையே வழங்கினார்! 2024-இல் அவர் மறைந்தார். அவர் அறம் நிலைத்துள்ளது.

ஆதலின், படிப்புக் கெடும் என்று பிள்ளையின் பந்தைப் பறித்தலும் தவறு. வெற்றிக் கோப்பையை நாடி ஏட்டை மறத்தலும் தவறு. உடல்வலி ஆண்டுதோறும் தேயும், கல்வியோ வளரும். இரண்டாலும் பெற்ற பயனைப் பிறர்க்கு ஈதலே ஆட்டத்தின் உண்மை வெற்றியாகும்.