அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'! மலையகத் தமிழர் பாட்டுகள் சொல்லும் கதை

"உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் பதில் சொல்லி விடுவார்கள். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு 200 ஆண்டுகளாக விடை தேடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள்தான் இலங்கையின் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய பாட்டுகளிலும் கவிதைகளிலும் அந்தத் தேடலைக் காணலாம்.

காட்டு வழிப் பயணம்

1820-ம் ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய ஏழை ஜனங்களைக் கங்காணிகள் கூட்டிச் சென்றார்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

பிறகு காப்பிச் செடியை நோய் தாக்கியது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தொழிலாளர்கள் தங்க 'லயம்' கட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை.

அந்த அறைகளில்தான் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கட்டிய பாட்டுகள் அவை. ஊரில் விட்டு வந்த தாயை நினைத்து அழும் பாட்டு உண்டு. கங்காணியின் கெடுபிடியைக் கேலி செய்யும் பாட்டும் உண்டு. நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பி விடலாம் என்று போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு 'ஊர்' என்றால் கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள ஊர்தான்.

தேயிலைக்கு அடியில்

பிள்ளைகள் பிறந்தார்கள். பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். பாட்டில் 'ஊர்' இடம் மாறியது.

சி. வி. வேலுப்பிள்ளை 1914-ம் ஆண்டு தோட்டத்திலேயே பிறந்த கவிஞர். தேயிலைத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதினார். தேயிலைச் செடிகளுக்கு அடியில், கல்லறைகூட இல்லாமல் புதைந்து கிடக்கும் முன்னோரை அதில் நினைவூட்டினார். அந்தப் பெரியவர்கள் புதைந்த மண், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்நிய மண் ஆகுமா?

1947-ம் ஆண்டுத் தேர்தலில் வேலுப்பிள்ளை பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரோடு மலையகத் தமிழர் கட்சியில் மொத்தம் 7 பேர் வென்றார்கள். அடுத்த ஆண்டே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. 'தந்தை இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?' என்று சட்டம் கேட்டது. லயத்தில் பிறந்த ஏழையிடம் பத்திரம் ஏது? லட்சக்கணக்கானவர்கள் பிரஜா உரிமையை இழந்தார்கள். ஓட்டுரிமையும் போயிற்று.

பிரிந்த குடும்பங்கள்

1964-ம் ஆண்டு சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி ஒன்றரை லட்சம் பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பது என்று 1974-ல் முடிவு செய்தார்கள்.

கணக்குத் தீர்ந்தது. கண்ணீர் தீரவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பலர் இந்திய மண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வந்தவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் குடியேறினார்கள். அங்கும் தேயிலை பறிக்கும் வேலைதான். அக்கம் பக்கத்தார் வைத்த பெயர் 'சிலோன்காரர்'. இலங்கையில் தங்கிவிட்ட உறவினர்களுக்கோ சர்க்கார் ஏட்டில் 'இந்தியத் தமிழர்' என்று பெயர்!

இன்னும் என்ன குறை?

பிரஜா உரிமை கிடைக்காமல் இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டம் அதை வழங்கியது. இன்று அவர்கள் அந்நாட்டின் முழுப் பிரஜைகள். 'மலையகத் தமிழர்' என்ற பெயரையே அவர்களில் பலர் விரும்புகிறார்கள். ஊரின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இன்னமும் பல குடும்பங்கள் லயத்தில்தான் வாழ்கின்றன. குடியிருக்கும் அறையும் வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடு என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கிறது. ஓட்டுச் சீட்டு கிடைத்தது. வீட்டுப் பத்திரம் கிடைக்கவில்லை.

பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய இடம், பெரியவர்களைப் புதைத்த இடம், அதுவே ஊர் என்று கவிதைகள் சொல்லிவிட்டன. அந்த ஊரில் சொந்தமாக ஒரு துண்டு நிலமும், அதற்கு ஒரு பத்திரமும் கொடுப்பது சர்க்காரின் கடமை.